கேட்டு வாங்கும் கை
பிரிட்டனின் வடிவமைப்பு அமைப்புகள் சொல்லும் பாடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொழிலும் கலையும் சந்திக்கும் இடத்தைப் பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இந்த ஆண்டு அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் விசித்திரமானது. நாட்டில் தயாராகும் நாற்காலியும் கோப்பையும் திரைச்சீலையும் தெருவிளக்கும் இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்வதையே வேலையாகக் கொண்ட சங்கங்களும் குழுக்களும் மன்றங்களும் பிரிட்டனில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிவந்திருக்கின்றன. சிலவற்றை அரசு நடத்தியது. சிலவற்றைக் கடைக்காரர்களும் கட்டடக் கலைஞர்களும் நடத்தினார்கள். உலகில் முதலில் தொழில்மயமான நாடு அது. தன் பொருள்களின் தோற்றத்தைப் பற்றி அதற்கு ஏன் இவ்வளவு கவலை? அந்தக் கவலையால் பொருள்கள் மேம்பட்டனவா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கும் மக்களின் ரசனையைத் திருத்தப் புறப்பட்ட இடங்களில் இந்த அமைப்புகளுக்குக் கிடைத்தது பாதி வெற்றிதான். ஒரு பொருளைப் பெருமளவில் கேட்டு வாங்கும் பொறுப்பில் இருந்தவரைத் தகுந்த வடிவமைப்பாளரோடு சேர்த்துவைத்த இடங்களில் கிடைத்த வெற்றி நிலைத்தது. இதற்கான சான்றுகளைக் கால வரிசையில் பார்ப்போம்.

1. பள்ளியும் பயமுறுத்தும் அறையும்

1754இல் லண்டன் கோவன்ட் கார்டனில் ஒரு காபிக் கடையில் வில்லியம் ஷிப்லி என்ற ஓவிய ஆசிரியர் சிலரைக் கூட்டி, கலை, உற்பத்தி, வணிகம் மூன்றையும் ஊக்குவிக்க ஒரு சங்கம் தொடங்கினார். பரிசு கொடுத்துப் புதுமையை வளர்ப்பது அதன் வழி. இன்று ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் என்று அறியப்படுவது அதுதான்.

அரசு இந்தத் துறைக்குள் நுழைந்தது 1835இல். பிரெஞ்சுப் பட்டும் பிரெஞ்சு அலங்காரப் பொருள்களும் சந்தையில் முந்துகின்றன என்ற அச்சத்தில், வில்லியம் எவர்ட் தலைமையில் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. நம்மிடம் இயந்திரம் இருக்கிறது, வரையத் தெரிந்த தொழிலாளர் இல்லை என்பது அது கண்டறிந்த குறை. அதன் விளைவாக 1837இல் சாமர்செட் ஹவுஸில் அரசு வடிவமைப்புப் பள்ளி திறக்கப்பட்டது. மாணவர்கள் ஓவியர்களாகிவிடுவார்களோ என்று அஞ்சி, மனித உருவம் வரையும் பயிற்சியையே தொடக்கத்தில் விலக்கிவைத்தார்கள். இன்றைய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் வேர் அந்தப் பள்ளி.

இந்தக் கட்டத்தின் நாயகர் ஹென்றி கோல். அரசு ஊழியர், ஓயாத உழைப்பாளி. 1846இல் மின்டன் நிறுவனத்துக்காக ஒரு தேநீர்க் கோப்பைத் தொகுதியைத் தானே வடிவமைத்து, ஷிப்லி தொடங்கிய சங்கத்தின் பரிசு பெற்றவர். 1851இல் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கண்ணாடி மாளிகையில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு முதுகெலும்பாக இருந்தவர்களில் ஒருவர். ஆறு மாதத்துக்குள் 60 லட்சம் வருகைகள். 1,86,000 பவுண்டு உபரி. அங்கே வந்த இந்தியத் துணிகளையும் உலோக வேலைகளையும் கண்டு கோலும் ஓவன் ஜோன்ஸும் வியந்தார்கள். துணியின் தட்டையான பரப்புக்கு ஏற்ற தட்டையான கோலம், நிறங்களின் அடக்கம், தேவைக்கு மிஞ்சாத அலங்காரம் ஆகிய மூன்றும் அவற்றில் இருந்தன. கோல் அடுத்துத் திறக்கவிருந்த அருங்காட்சியகத்துக்காக அரசு தந்த 5,000 பவுண்டில் இந்தியப் பொருள்களும் வாங்கப்பட்டன. ஆலைத் துணியால் நம் நெசவாளரின் சந்தையைப் பறித்த அதே நாடு, அந்த நெசவாளரின் துணியைத் தன் ஆலைக்காரர்களுக்குப் பாடமாக மாட்டிவைத்தது.

சென்னைக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி இதே அலையில் எழுந்தது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். 1884இல் அதற்குத் தலைமை ஏற்க வந்த இ.பி. ஹாவெல், கோல் உருவாக்கிய சவுத் கென்சிங்டன் பள்ளியில் பயின்றவர்.

1852இல் மார்ல்பரோ ஹவுஸில் கோல் திறந்த அருங்காட்சியகத்தில் ஓர் அறை தனிப் புகழ் பெற்றது. கெட்ட வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டான பொருள்களை அங்கே வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று எழுதியிருந்தார்கள். மக்கள் அதைப் பயங்கர அறை என்று அழைத்தார்கள். தங்கள் சரக்கு அவமானப்படுத்தப்படுவதாக உற்பத்தியாளர்கள் கொதித்தார்கள். அறை விரைவிலேயே மூடப்பட்டது. சார்லஸ் டிக்கன்ஸ் 1854இல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில், பள்ளிக்கு வரும் அரசு அதிகாரி ஒருவர், பூப்போட்ட கம்பளம் விரிக்கலாமா, குதிரைப்படம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டலாமா என்று குழந்தைகளை மிரட்டுவார். கோலின் கூட்டத்தாரைக் குத்திய குத்து அது. ரசனையைப் பிரம்பெடுத்துக் கற்பிக்க முடியாது என்பதை ஒரு நாவலாசிரியர் அப்போதே கண்டுகொண்டார்.

2. எதிரியிடம் கற்ற சங்கம்

அடுத்த அரை நூற்றாண்டில் வில்லியம் மாரிஸும் அவர் வழிவந்த கைவினை இயக்கத்தாரும் இயந்திரத்திலிருந்து விலகி நின்று அழகைத் தேடினார்கள். அவர்கள் செய்தவை அழகானவை; விலையும் அதிகம். அந்த இயக்கத்தை நுணுகிப் படித்தவர், 1896 முதல் லண்டனில் ஜெர்மன் தூதரகத்தில் இருந்த ஹெர்மன் முத்தேசியஸ். அவர் நாடு திரும்பிய பின், 1907இல் ஜெர்மனியில் வெர்க்பண்ட் என்ற அமைப்பு தோன்றக் காரணமானவர்களில் ஒருவரானார். ஆங்கிலேயர் கைவினையில் கண்ட நேர்மையை ஜெர்மானியர் ஆலைக்குள் கொண்டுபோனார்கள்.

1914இல் கொலோன் நகரில் நடந்த வெர்க்பண்ட் கண்காட்சிக்குச் சில ஆங்கிலேயர் சென்றுவந்தார்கள். அடுத்த சில வாரங்களில் போர் வெடித்தது. அவர்கள் பார்த்ததை மறக்கவில்லை. 1915இல் வர்த்தக வாரியம், ஜெர்மன், ஆஸ்திரிய நாட்டுப் பொருள்களைத் திரட்டி லண்டனில் கண்காட்சி நடத்தியது. எதிரியின் சந்தையைப் பிடிப்பது அதன் நோக்கம். அதே ஆண்டு பிறந்தது டிசைன் அண்ட் இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன். மரச்சாமான் கடை நடத்திய ஆம்ப்ரோஸ் ஹீல், லெஸ்டர் நகரில் பிரம்புச் சாமான் செய்த ஹாரி பீச், வெள்ளி வேலைக்காரர் ஹெரால்ட் ஸ்டாப்ளர், கட்டடக் கலைஞர்கள் செசில் ப்ரூவர், டபிள்யூ.ஆர். லெதபி என நிறுவியவர்களின் பட்டியலைப் பார்த்தாலே இதன் புதுமை தெரியும். செய்பவர், விற்பவர், வரைபவர், கற்பிப்பவர் எல்லோரும் ஒரே மேசையில். செய்யும் வேலைக்குப் பொருத்தமாக இருப்பதே பொருளின் முதல் இலக்கணம் என்பது அவர்களுடைய முழக்கம்.

சங்கம் கண்காட்சிகள் நடத்தியது. ஆண்டு மலர்கள் போட்டது. அசிங்கமான பெட்ரோல் பங்குகளையும் விளம்பரப் பலகைகளையும் கண்டித்தது. ஆனால் இந்தச் சங்கத்தின் ஆகப் பெரிய சாதனை, அதன் உறுப்பினர் ஒருவர் தம் அலுவலக மேசையில் செய்தது. அவர் பெயர் ஃபிராங்க் பிக்.

பிக் ஓவியர் அல்லர். வழக்கறிஞர் பயிற்சி பெற்று, 1906இல் லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்தில் சேர்ந்த நிர்வாகி. 1913இல் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ற எழுத்துக் கலைஞரிடம், நிறுவனத்துக்கென்று தனி எழுத்துரு கேட்டார். 1916இல் புழக்கத்துக்கு வந்த அந்த எழுத்து, சிறு மாற்றங்களோடு இன்றும் லண்டன் ரயில் நிலையங்களில் பெயர் சொல்கிறது. சார்லஸ் ஹோல்டனை அழைத்து நிலையங்கள் கட்டச் சொன்னார். 1930இல் அவரைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவின் புதிய கட்டடங்களைப் பார்த்துவந்தார். ஹாரி பெக் என்ற படவரைவாளர் 1931இல் வரைந்துதந்த பாதைப் படத்தை நிறுவனம் முதலில் மறுத்தது. தூரக் கணக்கை விட்டுவிட்டு, நேர்க்கோடும் சாய்கோடுமாக வழியை மட்டும் சொல்லும் படம் அது. 1933இல் சோதனையாக அச்சிட்டுப் பயணிகளிடம் கொடுத்தார்கள். பயணிகள் ஏற்றுக்கொண்டார்கள். உலகின் பெருநகர ரயில் வரைபடங்கள் பலவற்றுக்கும் அதுவே முன்மாதிரி.

பிக் 1932இல் அந்தச் சங்கத்தின் தலைவரானார். ஆனால் சங்கத் தலைவராக அவர் ஆற்றிய உரைகளை இன்று யார் படிக்கிறார்கள்? கொள்முதல் உத்தரவில் அவர் போட்ட கையெழுத்துத்தான் நிற்கிறது. சங்கம் அவருக்குக் கொள்கையைத் தந்தது, வடிவமைப்பாளர்களை அறிமுகம் செய்தது. நிறுவனம் அவருக்கு அதிகாரம் தந்தது. இரண்டும் ஒரே மனிதரிடம் கூடின.

3. அறிக்கைகளும் அளவுச்சீட்டும்

பொருளாதார மந்தம் வந்ததும் அரசு மறுபடி விழித்தது. கோரெல் பிரபு தலைமையிலான குழு 1932இல் அறிக்கை தந்தது. அதையொட்டி 1934இல் வர்த்தக வாரியம் கலை–தொழில் மன்றம் ஒன்றை அமைத்தது. தலைவர் அதே ஃபிராங்க் பிக். 1936இல் ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ், சிறந்த வடிவமைப்பாளர்களுக்கு 'ராயல் டிசைனர் ஃபார் இண்டஸ்ட்ரி' என்ற விருதை ஏற்படுத்தியது. ஜெர்மனியிலிருந்து வெளியேறி இங்கிலாந்துக்கு வந்த நிக்கோலஸ் பெவ்ஸ்னர், ஆலை ஆலையாகச் சுற்றி ஆய்ந்து 1937இல் ஒரு நூல் வெளியிட்டார். பிரிட்டனின் தொழிற்கலையில் 90 விழுக்காட்டுக்கு அழகியல் மதிப்பே இல்லை என்பது அவர் தீர்ப்பு. உற்பத்தியாளர் கடைக்காரரைக் கை காட்டினார். கடைக்காரர் வாடிக்கையாளரைக் கை காட்டினார். வாடிக்கையாளரோ கடையில் இருந்ததை வாங்கினார்.

இந்தச் சுற்றை ஒரே வெட்டில் அறுத்தது இரண்டாம் உலகப்போர். குண்டுவீச்சில் வீடுகள் போயின, மரம் தட்டுப்பாடு. 1942இல் வர்த்தக வாரியத் தலைவர் ஹ்யூ டால்டன், அரசு அனுமதித்த சில வடிவங்களில் மட்டுமே மரச்சாமான் செய்யலாம் என்று உத்தரவிட்டார். புதுமணத் தம்பதியருக்கும் வீடிழந்தவர்களுக்கும் மட்டும் அளவுச்சீட்டு. வடிவங்களை நெறிப்படுத்தியவர்களில் முதன்மையானவர் கார்டன் ரஸ்ஸல், காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் பட்டறை நடத்திய மரச்சாமான் கலைஞர். அலங்காரமில்லாத, உறுதியான, நியாய விலைச் சாமான்கள். சீர்திருத்தக்காரர்கள் ஒரு தலைமுறையாகக் கனவு கண்டது சட்டமாகவே வந்துவிட்டது.

ஆனால் விளைவைப் பாருங்கள். 1948இல் வடிவக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1952இல் திட்டமே முடிந்தது. மக்கள் கூட்டமாக ஓடியது பளபளக்கும், வளைந்த, செதுக்கிய சாமான்களை நோக்கி. சீட்டைக் காட்டி எளிமையை வாங்கியவர்களுக்கு அந்த எளிமை வறுமையின் நினைவாகத் தங்கிவிட்டது. பெக்கின் படத்தைப் பயணி கையில் கொடுத்துச் சோதித்தார்கள். போர்க்கால நாற்காலியைப் பற்றி உட்காருபவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே கேட்டு வாங்கும் கைக்கு அதிகாரம் மட்டும் போதாது. பயன்படுத்துபவருக்கு அது பதில் சொல்லவும் வேண்டும்.

4. ஹேமார்க்கெட் 28

போர் முடியும் முன்பே, 1944 டிசம்பரில், ஏற்றுமதிச் சந்தையை மனத்தில் வைத்து டால்டன் தொழில் வடிவமைப்பு மன்றத்தை நிறுவினார். பின்னாளில் டிசைன் கவுன்சில் என்று பெயர்பெற்றது இதுவே. 1947 முதல் 1959 வரை அதன் இயக்குநர் கார்டன் ரஸ்ஸல்.

மன்றத்தின் முதல் பெருமுயற்சி 1946இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த 'பிரிட்டன் கேன் மேக் இட்' கண்காட்சி. போருக்கு அஞ்சி வேறிடங்களுக்கு அனுப்பிய அரும்பொருள்கள் முழுதாகத் திரும்பாத கூடங்களில், புதுப் பாத்திரங்களையும் வானொலிகளையும் அடுக்கினார்கள். 14 லட்சம் பேர் வந்தார்கள். காட்டிய பொருள்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு, அல்லது இன்னும் கடைக்கு வராதது. பிரிட்டன் செய்யும், ஆனால் பிரிட்டனுக்குக் கிடைக்காது என்று பத்திரிகைகள் கேலி செய்தன. கடையில் இல்லாததைக் காட்டி ரசனையை வளர்ப்பது எப்படி?

1951இல் நாடெங்கும் நடந்த பிரிட்டன் விழாவில் மன்றம் இன்னும் துணிச்சல் காட்டியது. ஹெலன் மெகா என்ற படிக ஆய்வாளரின் யோசனையைப் பிடித்துக்கொண்டு, இன்சுலின், ஹீமோகுளோபின் போன்றவற்றின் அணு அமைப்பு வரைபடங்களை 28 உற்பத்தியாளர்களிடம் கொடுத்தது. அவை திரைச்சீலையாக, சுவர்த்தாளாக, தட்டாக மாறின. விஞ்ஞானியும் ஆலைக்காரரும் தாமாக ஒருபோதும் சந்தித்திருக்கமாட்டார்கள். நடுவில் நின்று சேர்த்துவைத்தது மன்றம்.

1956 ஏப்ரலில் லண்டன் ஹேமார்க்கெட் தெருவில் 28ஆம் எண் கட்டடத்தில் டிசைன் சென்டர் திறந்தது. மன்றம் தேர்ந்த பொருள்கள் அங்கே காட்சியில் இருக்கும், விற்பனை கிடையாது. யார் செய்தது, என்ன விலை, எந்தக் கடையில் கிடைக்கும் என்று அட்டைக் குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தேர்வான பொருளில் கடைக்காரர் மன்றத்தின் சீட்டைத் தொங்கவிடலாம். 1957 முதல் ஆண்டு விருதுகளும் வந்தன. நடுத்தர வர்க்க வீடுகளில் இந்தச் சீட்டுக்கு நல்ல மதிப்பு இருந்தது. அதற்கு அப்பால் அது அதிகம் பரவவில்லை. அறுபதுகளில் லண்டன் கார்னபி தெருவின் ஆடைக் கடைகளில் வண்ணங்களை அள்ளிய இளைஞர்களுக்கு, நீடித்து உழைக்கும் அடக்கமான பொருள் என்ற அளவுகோலே அலுப்பூட்டியது. சில மாதம் பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருளுக்கும் ஓர் அழகு உண்டு என்று ரேனர் பானம் போன்ற விமர்சகர்கள் வாதிட்டார்கள். அப்போதைய இயக்குநர் பால் ரெய்லியே 1967இல் இந்தச் சவாலை வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார்.

காட்சிக்கூடத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் இன்னொரு வேலை நடந்தது. மன்றத்திடம் வடிவமைப்பாளர்களின் பதிவேடு ஒன்று இருந்தது. எங்களுக்கு ஒருவர் வேண்டும் என்று வரும் நிறுவனத்துக்கு, பொருத்தமான பெயர்களை அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். வென்னர் நிறுவனம் வாகன நிறுத்தக் கட்டண மீட்டருக்கு ஆள் தேடியபோது மன்றம் அனுப்பிய இளைஞர் கென்னத் கிரேஞ்ச். 1958இல் அவருடைய மீட்டர் லண்டன் தெருவுக்கு வந்தது. கென்வுட் மாவு பிசையும் இயந்திரம், கோடக் கேமரா என்று பின்னர் பிரிட்டிஷ் வீடுகளில் நிறைந்த பொருள்களை வடிவமைத்தவர் அவர்.

5. ஷெஃபீல்டின் கரண்டி

என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று ஷெஃபீல்ட் நகரின் டேவிட் மெல்லர். 1957இல் மன்றத்தின் முதல் விருதுகளில் ஒன்று அவருடைய 'பிரைட்' என்ற வெள்ளி முலாம் பூசிய கரண்டி–கத்தித் தொகுதிக்குக் கிடைத்தது. அழகானது, இன்றும் கொண்டாடப்படுகிறது. வாங்கியவர்கள், வாங்க முடிந்தவர்கள்.

1965இல் அரசின் பொதுக் கட்டட அமைச்சகம் அவரிடம் வேறொன்று கேட்டது. அரசு உணவகம், மருத்துவமனை, சிறை, ரயில் எங்கும் பயன்படும் கரண்டிகள் வேண்டும். மெல்லர், ஒருவருக்கு 11 துண்டுகள் வைக்கும் பழக்கத்தைக் குறைத்து, ஐந்தே துண்டுகளில் முடித்தார். பெயர் 'த்ரிஃப்ட்', அதாவது சிக்கனம். விருது பெற்ற கரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேயிராத பல்லாயிரம் பேர் சிக்கனக் கரண்டியால் சாப்பிட்டார்கள். ரசனை வகுப்பு யாருக்கும் நடக்கவில்லை. பேருந்து நிழற்குடையும் போக்குவரத்து விளக்கும் அவர் கையிலிருந்து வந்தவை. அவர் செய்த சதுர அஞ்சல்பெட்டிக்கு மட்டும் எதிர்ப்பு எழுந்தது. பழைய உருளைப்பெட்டியை மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அஞ்சல்துறை கேட்டது, வடிவமைப்பாளர் செய்தார். ஆனாலும் கடைசி வார்த்தை பயன்படுத்துபவருடையது.

இதே காலத்தில் சாலைக் குறியீடுகளின் கதையும் நடந்தது. மன்றத்தின் தலைவராக 1953 முதல் இருந்த சர் வால்டர் வொர்பாய்ஸ், பிறகு சாலைக் குறியீடுகளைச் சீராக்கும் அரசுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். வடிவமைத்தவர்கள் ஜாக் கின்னெய்ர், மார்கரெட் கால்வெர்ட். எந்த எழுத்து எளிதில் படிக்க வருகிறது என்று விமானத் தளம் ஒன்றில் சோதித்தார்கள். பார்வையாளர்களை வரிசையாக உட்காரவைத்து, பலகையைத் தலையில் சுமந்த வண்டியை அவர்களை நோக்கி ஓட்டினார்கள். போட்டியாக வந்த இன்னோர் எழுத்துக்கும் இவர்களுடையதற்கும் வேறுபாடு மிகச் சிறியது என்று தெரிந்தது. 1965 முதல் பிரிட்டன் முழுவதும் அந்தக் குறியீடுகள்தாம். மன்றத்தில் பழகிய ஒருவர் கேட்டு வாங்கும் நாற்காலிக்குப் போனபோது நடந்தது இது. ஃபிராங்க் பிக்கின் கதையை இங்கே மறுபடி படிக்கிறோம்.

6. கூடம் மூடியபின்

1972இல் பொறியியல் வடிவமைப்பையும் ஏற்று டிசைன் கவுன்சில் என்று மன்றம் பெயர் மாறியது. 1982இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் தம் இல்லத்திலேயே வடிவமைப்பு பற்றிக் கருத்தரங்கு கூட்டினார்; சிறு நிறுவனங்கள் வடிவமைப்பாளரை அமர்த்த அரசு நிதி உதவியது. 1994இல் ஜான் சொரெல் தந்த அறிக்கைக்குப் பின் மன்றம் வெகுவாகச் சுருங்கியது. ஹேமார்க்கெட் கூடத்தின் காலம் முடிந்தது. 2011 முதல் அது அரசு சார்ந்த அமைப்பு அன்று, தனித்து இயங்கும் அறநிறுவனம். பொருளைக் காட்டும் வேலையை 1989இல் டெரன்ஸ் கான்ரன் முயற்சியில் திறந்த டிசைன் மியூசியம் எடுத்துக்கொண்டது.

கூடம் போனதால் மன்றம் செத்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். நான் ஒப்பமாட்டேன். மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் ஊழியர்கள் மீது வன்முறை பெருகியபோது, சுகாதாரத் துறை மன்றத்தை அணுகியது. மன்றம் பியர்சன்லாய்ட் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்த்துவிட்டது. அவர்கள் கண்டது எளிய உண்மை: காத்திருப்பவருக்குக் கோபம் வருவது, என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாததால். எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், அடுத்தது என்ன, ஏன் தாமதம் என்று நோயாளிக்குச் சொல்லும் பலகைகளை வடிவமைத்தார்கள். சௌதாம்ப்டன் மருத்துவமனையிலும் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிலும் சோதித்தபோது, மிரட்டும் உடல்மொழி பாதியாகக் குறைந்ததாக மதிப்பீடு சொன்னது. அந்தப் பலகைக்கு எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை.

நண்பர்களே, இந்த வரலாற்றில் வாங்கும் மக்களை நான் ரசனையற்றவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் கடையில் இருப்பதிலிருந்துதான் தேர்கிறார்கள். கடைக்கு எது வரவேண்டும், தெருவில் எது நிற்கவேண்டும், மருத்துவமனைக் கட்டில் எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பவர் வேறு ஒருவர். கொள்முதல் பிரிவில் ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர் அவர். ஹென்றி கோல் காலத்திலிருந்து சங்கங்கள் அவரைத் தாண்டிப் போய், வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாடம் நடத்தின. பாடத்தை நிறுத்திவிட்டு, ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர் பக்கத்தில் ஒரு வடிவமைப்பாளரை உட்காரவைத்து, பயன்படுத்துபவரும் அதை ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு முறையும், நாட்டின் பொருள் ஒன்று மேம்பட்டது.

இங்கே வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். விருதுக் கூடத்துக்குப் போகும் பொருளைச் செய்ய ஆசைப்படுவது இயல்பு. உங்களில் சிலர் ஒப்பந்தப்புள்ளி எழுதும் நாற்காலிக்கும் போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு பொருளுக்கு என்ன தகுதிகள் வேண்டும் என்று எழுதும் அந்த இரண்டு பக்கத்தில், மிகக் குறைந்த விலை என்ற வரிக்குப் பக்கத்தில், பயன்படுத்துபவரிடம் சோதித்த பின்னரே ஏற்கப்படும் என்ற வரியையும் சேர்த்து எழுதுபவர், ஒரு கண்காட்சியால் செய்ய முடியாததைச் செய்துவிடுவார்.